இலையுதிர்காலப் படங்களுக்குத் தேதி வேண்டும், மெய்யான நிறமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் இலையுதிர்காலத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் படங்களோடு வெளியாகியிருந்தது. கோடை விடுமுறைக்கும் பனி பார்ப்பதற்கும் மட்டுமே காஷ்மீர் என்று எண்ணியிருக்கும் நம் பக்கத்து மக்களுக்கு, சினார் மரங்கள் நிறம் மாறும் ஒரு பருவமும் அங்கே உண்டு என்று எடுத்துச் சொன்னதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஸ்ரீநகரில் தங்கி அந்த மரங்களைப் படமெடுத்தவன் என்ற முறையிலும், அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எழுந்த ஒரு குறையையும் சொல்ல விரும்புகிறேன். எந்தப் படத்தின் கீழும் எடுக்கப்பட்ட இடமும் தேதியும் இல்லை. பெரும்பாலான படங்களில், மரத்தில் இல்லாத சிவப்பு கணினியில் ஏற்றப்பட்டிருந்தது. இவை இரண்டும் சிறு விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு பயணத்துக்குத் திட்டமிடும் கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இவை சிறியவை அல்ல.

தேதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீநகரில் சினார் மரங்கள் அக்டோபர் நடுவில்தான் மெல்ல மஞ்சள் காட்டத் தொடங்கும். அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் இரண்டாம் வாரம் வரை நிறம் முதிர்ந்து நிற்கும். நவம்பர் முடிவதற்குள் இலைகளில் பெரும்பகுதி தரைக்கு வந்துவிடும். அந்த ஆண்டின் மழையையும் இரவுக் குளிரையும் பொறுத்து இதில் சில நாட்கள் முன்பின் ஆகலாம். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையோ செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஆயுதபூஜை விடுமுறையைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளோடு, சேமிப்பைச் செலவழித்து அங்கே போய் வந்தது. வாடகைக் காரின் ஓட்டுநரிடம் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டி, இந்தச் சிவப்பு மரங்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சாலையோரத்தில் பச்சைப் பசேலென்று நின்ற மரங்களையே காட்டியிருக்கிறார். அவர்களுக்குப் பயணச்சீட்டு ஏற்பாடு செய்த முகவரும் இதைச் சொல்லவில்லை, அவர்கள் பார்த்த படங்களும் சொல்லவில்லை. படத்தின் கீழே "நவம்பர் 5, நசீம் பாக், ஸ்ரீநகர்" என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் குடும்பம் வேறு வாரத்தைத் தேர்ந்திருக்கும், அல்லது ஏரியையும் தோட்டங்களையும் பார்ப்பதற்கென்றே தெரிந்து போயிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சினார் முதிரும் அதே வாரங்கள்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வாரங்கள். 2015 நவம்பர் வெள்ளத்தையும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் கண்ட கடலூர் மாவட்டத்தில், நவம்பரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வடக்கே போவதென்றால் யாராவது ஒருவரைக் காவலுக்கு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள் விடுமுறை என்பதால் அங்குள்ளவர்களுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. மற்றவர்கள் விடுப்பு எடுத்தாக வேண்டும். ரயிலில் போவதானால் சென்னை சென்ட்ரலிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸில் கட்ரா வரை சென்று, அங்கிருந்து 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத் ரயிலில் ஸ்ரீநகருக்குப் போகலாம். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே அக்டோபர் இறுதியில் மரத்தடியில் நிற்க விரும்புகிறவர் ஆகஸ்ட் கடைசியிலேயே முடிவெடுத்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடுமைக்குப் பிறகு எந்த இடம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று முன்கூட்டிக் கேட்டறிவதும் அவசியமாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவே முடிவெடுக்கிறவருக்குத் தேதியில்லாத படம் எந்த வகையிலும் உதவாது.

இடத்தின் பெயரும் அதே அளவுக்கு முக்கியம். காஷ்மீர் என்று பொதுவாகப் போட்டுவிட்டால், பயணத் திட்டத்தில் குல்மார்க்கைச் சேர்த்துவிட்டு அங்கேயும் செந்நிறக் காடுகளை எதிர்பார்க்கிறார்கள். குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில், ஃபிர் மரங்கள் சூழ்ந்த புல்வெளி. ஊசியிலை மரங்கள் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும். அங்கே அக்டோபரில் புல்தான் பழுப்பாகும். சினார் தாழ்வான பள்ளத்தாக்கின் மரம். ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்ரீநகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும்தான் அது தழைக்கிறது. பாப்ளார், வில்லோ மரங்களின் தங்கமஞ்சளை மட்டும் விரும்புகிறவர்களுக்கு லடாக்கின் நூப்ராப் பள்ளத்தாக்கு அதற்கும் முன்பாகவே, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, காத்திருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்கு உடலைப் பழக்கிக்கொள்ளாமல் கடற்கரை ஊரிலிருந்து நேரே அங்கே போகக் கூடாது என்பதையும் படத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். என் மனத்துக்கு நெருக்கமானதும் இதுதான்.

இலை பச்சையாக இருப்பதற்குக் காரணமான பச்சையத்தை மரம் கோடை முழுவதும் சிதையச் சிதையப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கியதும் அந்த உற்பத்தி நின்றுபோகிறது. இலையில் இருக்கும் நைட்ரஜன் போன்ற சத்துகளை மரம் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அப்போது, முன்பே இலையில் இருந்தும் பச்சையத்தால் மறைக்கப்பட்டிருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் அப்படி ஏற்கெனவே இருந்தது அல்ல. சில மரங்கள் அதை இலையின் கடைசி வாரங்களில் புதிதாகச் செய்கின்றன. நல்ல வெயில் அடிக்கும் பகலும், உறையாத அளவுக்குக் குளிரும் இரவும் சேர்ந்து வந்தால் அது கூடுதலாகச் சுரக்கும். இறுதியில் டானின்களின் பழுப்பு எஞ்சுகிறது. இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்புப் படலம் உருவாகி இலையைக் கிளையிலிருந்து பிரித்துவிடுகிறது.

சினார் இலையில் இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அருகருகே தெரியும். விரித்த உள்ளங்கை அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும் அதன் இலை, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு மடல்களாகப் பிரிந்திருக்கும். அக்டோபர் கடைசியில் கீழே விழுந்த ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். மடல்களின் நுனி காய்ந்து செம்பழுப்பாகியிருக்கும். அதற்கு உள்ளே காவி, அதற்கும் உள்ளே தெளிந்த மஞ்சள். நடு நரம்பையும் அதன் கிளை நரம்புகளையும் ஒட்டி மட்டும் பச்சை இன்னும் விடாமல் நிற்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், நரம்புகள் மேடிட்டு விரலில் தட்டுப்படும். மரம் முழுவதும் இப்படித்தான்: தெற்கே நீண்ட கிளை துருநிறத்துக்கு வந்திருக்கும்போது நிழலில் இருக்கும் உட்கிளை இன்னும் பச்சையாக இருக்கும். பெரும்பாலான சினார்களில் முதிர்ந்த செம்மை என்பது பழுப்பு கலந்த செம்மை. மேப்பிள் மரத்தின் தூய சிவப்பு அல்ல.

சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, ஏற்றும்போது அழிவது இந்தப் படிநிலைதான். கணினித் திரையில் அதற்கான நகர்த்துக் கட்டையை வலப்பக்கம் தள்ளத் தள்ள, படத்தின் சிவப்பு அலைவரிசை உச்சத்தைத் தொட்டு அதற்குமேல் பதிவாக இடமின்றி நிற்கும். காவிக்கும் செம்பழுப்புக்கும் இருந்த வேறுபாடு மறைந்து, நரம்புகள் மறைந்து, மரம் முழுவதும் ஒரே வண்ணத் திட்டாகிவிடும். செய்தித்தாளில் இது இன்னும் மோசமாகிறது. செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும் தன்மையுடையது. அடர்சிவப்பு நிறைந்த படத்தை அதில் அச்சிட்டால் ஓரங்கள் கலங்கி, இலைக்கொத்துகள் தனித்தனியாகத் தெரியாமல் போகின்றன. தங்கள் இணைப்பின் நடுவில் இருந்த பெரிய படத்தில் எனக்கு ஓர் இலைகூடத் தனியாகத் தெரியவில்லை. அடங்கிய நிறத்தோடு அச்சிட்டிருந்தால் அதே மரம் வாசகர் கண்ணுக்கு இலை இலையாக வந்திருக்கும்.

நிறத்தைக் கூட்டினால்தான் படம் எடுபடும் என்று நினைப்பவர்கள் வெளிச்சத்தைக் கவனிக்காதவர்கள் என்றே சொல்வேன். நவம்பர் முதல் நாளில் கடலூரில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 64 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஸ்ரீநகரிலோ அது 42 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. அங்கே பகல் முழுவதுமே சாய்ந்த வெயில்தான். அந்த வெயில் இலைக்குப் பின்னாலிருந்து ஊடுருவி வரும்படி மரத்தடியில் நின்று மேல்நோக்கிப் படமெடுத்தால், எந்தத் திருத்தமும் இல்லாமலே மஞ்சளும் காவியும் ஒளிரும். ஈரமான இலையின் மேற்பரப்பில் வானம் வெள்ளையாகப் பிரதிபலிப்பதைக் குறைக்க ஒரு போலரைசர் ஃபில்டரும், வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிக்கட்டும் காமிராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் மஞ்சளை வெளிறச் செய்யாமல் இருக்க அதைப் பகல்வெளிச்ச நிலையில் நிறுத்திவைப்பதும் போதும். கைப்பேசியில் எடுப்பவர்கள், தானாக நிறம் கூட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடலாம்.

எந்தத் தோட்டத்துக்கு எப்போது போவது என்பதும் வெளிச்சத்தைப் பொறுத்ததே. 1633 இல் நூர்ஜஹானின் சகோதரர் ஆசஃப் கான் அமைத்த நிஷாத் பாக், தால் ஏரியின் கிழக்குக் கரையில் ஸபர்வான் மலையடிவாரத்தில் மேற்கு நோக்கி இருக்கிறது. காலையில் மலையின் நிழல் அதன்மேல் நெடுநேரம் கிடக்கும். பிற்பகலில்தான் ஏரிப்பக்கமிருந்து வெயில் படிப்படியான தளங்களின் மேல் ஏறி வரும். காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்தில், ஹஸ்ரத்பால் தர்காவை ஒட்டி இருக்கும் நசீம் பாக் ஏரியின் மறுகரையில் இருப்பதால் அதற்குக் காலை வெயில் தாராளம். முகலாயர் காலத்துத் தோப்பாகிய அங்கே பட்டை உரிந்து, அடிமரம் குடைந்து, ஆனாலும் தழைத்து நிற்கும் சினார்களைக் காலை எட்டு மணி வெயிலில் பார்த்தவர்கள் கணினியில் நிறம் கூட்ட நினைக்கமாட்டார்கள். முகவர்கள் தரும் திட்டங்களில் பெரும்பாலும் ஒரே காலையில் மூன்று தோட்டங்களை அடுக்கிவிடுகிறார்கள். ஒரு முழுக் காலையை நசீம் பாக்குக்கும் ஒரு முழுப் பிற்பகலை நிஷாத்துக்கும் கொடுங்கள் என்று தங்கள் பயணப் பக்கம் எழுதினால் அது பெரிய உதவியாக இருக்கும்.

நிறத்தைக் கூட்டுவதைப் போலவே, படத்திலிருந்து சிலவற்றைக் கழிப்பதும் நடக்கிறது. நவம்பர் தொடங்கியதும் அங்கே பெண்கள் நீண்ட துடைப்பங்களால் சினார் சருகைக் கூட்டிக் குவிக்கிறார்கள். குவியலுக்குத் தீ வைத்து, அது முழுதும் சாம்பலாகிவிடாதபடி தண்ணீர் தெளித்துக் கரியாக்குகிறார்கள். குளிர்காலத்தில் ஃபெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரிச் சட்டிக்கு அந்தக் கரிதான் கனல். இந்த எரிப்பால் மாலையில் தோட்டங்களின் மேலும் தெருக்களின் மேலும் நீலம் பாய்ந்த புகை தாழப் படர்கிறது. மூச்சுக்கு நல்லதல்ல என்பதால் அதைத் தடுக்கும் முயற்சிகளும் உண்டு. ஆனால் அச்சில் வரும் படங்களில் அந்தப் புகை துடைக்கப்பட்டிருக்கிறது, துடைப்பம் பிடித்த பெண்கள் வெட்டப்பட்டிருக்கிறார்கள். இன்னும் வருத்தமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். கூட்டிக் குவித்த சருகை அள்ளி வானத்தில் வீசிப் படமெடுத்துக்கொண்டு, கலைத்தது கலைத்தபடி சுற்றுலாப் பயணிகள் நடந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்கள் மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறார்கள். தங்கள் இணைப்பிலும் அப்படி இலை வீசும் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்க்கும் பிள்ளைகள் அங்கே போனதும் முதலில் செய்ய நினைப்பது அதைத்தான். தயவுசெய்து இனி அத்தகைய படத்தைத் தவிர்க்க வேண்டும். கூட்டுகிறவர்களின் அனுமதி கேட்டு அவர்கள் வேலையைப் படமெடுத்து வெளியிட்டால், அது அந்தப் பருவத்தின் முழுமையான படமாக இருக்கும்.

நம் ஊர் வாசகர்களுக்கு மெய்யான செம்மை தெரியாது என்று தங்கள் வடிவமைப்பாளர்கள் கருதத் தேவையில்லை. புதுச்சேரியின் தெருக்களிலும் கடலூர்க் கடற்கரைப் பக்கத்து வீட்டு முற்றங்களிலும் நிற்கும் நாட்டு வாதுமை, அதாவது நாம் பாதாம் மரம் என்று அழைக்கும் மரம், தை, மாசியில் இலை உதிர்ப்பதற்கு முன் செம்மையாகிறது. ஒரே கொத்தில் பச்சை இலையும், மஞ்சளும், கருஞ்சிவப்பும் சேர்ந்தே இருப்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கண்ணோடு சினாரைப் பார்க்கிறவருக்கு அதன் காவி சலிப்பூட்டாது.

தேதியும் இடமும் குறித்த படத்துக்கு இன்னொரு பயன் உண்டு. அது பயணிகளோடு நின்றுவிடுவதில்லை. புதுச்சேரியில் 1955 இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான தாவர மாதிரிகள் இருக்கின்றன. எங்கே, எந்த நாளில், யார் சேகரித்தது என்ற குறிப்பு இருப்பதால்தான் அத்தகைய தாள் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் காய்ந்த செடி. ஜப்பான் வானிலை நிறுவனம் 1953 முதல் மேப்பிள், கிங்கோ மரங்களின் இலைகள் நிறம் மாறும் நாளை ஆண்டுதோறும் பதிந்து வருகிறது; வெப்பநிலை உயர உயர அந்த நாள் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நம் நாட்டிலும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் மாணவர்களும் பொதுமக்களும் மரங்களின் இலை, பூ, காய் மாற்றங்களை வாரவாரம் குறித்து அனுப்புகிறார்கள். நசீம் பாக்கின் ஒரே மரத்தை ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று எடுத்த படங்கள், நிறம் கூட்டப்படாமல், ஒரு நாளிதழின் சேமிப்பில் வரிசையாக இருந்தால் இருபது ஆண்டுகள் கழித்து அதைத் தேடி வருகிறவர்கள் இருப்பார்கள். நிறம் திருத்திய படத்தில் அந்தப் பயன் இல்லை. சினாரை அரசு அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று ஜம்மு காஷ்மீரில் 1969 இலேயே சட்டம் வந்தது. அண்மையில் மரங்களுக்கு எண்ணிட்டு, கியூஆர் குறியீட்டுப் பலகை பொருத்தும் பணியும் தொடங்கியிருக்கிறது. மரத்துக்கே அடையாள எண் கொடுக்கப்படும்போது, அதன் படத்துக்குத் தேதி கொடுப்பது கடினமான காரியமாக இராது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். இலையுதிர்காலம் பற்றிய சிறப்புப் பக்கத்தை நவம்பரில் வெளியிடுவதற்குப் பதிலாக ஆகஸ்ட் மாதத்தின் நடுவிலேயே வெளியிடுங்கள். ரயில் முன்பதிவு திறக்கும் நேரத்தில் அது வாசகர் கையில் இருக்கட்டும். படங்கள் முந்தைய ஆண்டினவாக இருப்பதில் தவறில்லை. ஆண்டு, மாதம், நாள், இடம் ஆகியவை படத்தின் அடியில் வர வேண்டும். நிறத்தைக் கூட்டிய படங்களைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது, நிறம் திருத்தப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். அதே பக்கத்தில் அக்டோபர் முதல் வாரத்தின் பச்சை மரத்தையும், நவம்பர் கடைசியின் மொட்டை மரத்தையும் சிறிதாகவேனும் அச்சிட வேண்டும். தமக்குக் கிடைக்கும் விடுமுறையில் எதைக் காணலாம் என்பதை வாசகர் அப்போது தாமே ஒப்பிட்டு அறிந்துகொள்வார்.

வெவ்வேறு ஆண்டுகளில் நான் எடுத்த படங்கள் நாளும் இடமும் குறிக்கப்பட்டு, திருத்தப்படாத மூலக் கோப்புகளாக என்னிடம் இருக்கின்றன. அவற்றில் பலவும் பாதி பச்சையாக நிற்கும் மரங்களின் படங்கள்தான். தங்கள் அலுவலகத்துக்குப் பயன்படுமானால் கட்டணம் ஏதுமின்றி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்